ஆளுக்கொரு வருடம்

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் 14 வருடம் சூப்பர்வைசராக இருந்தேன். என்னிடம் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் நம் ஊர்ப் பையன்கள். பங்களாதேஷ்காரர்கள் போக மீதி எட்டுப் பத்துப் பேர் பர்மாக்காரர்கள். என் தவறு இந்தப் ‘பர்மாக்காரர்கள்’ என்ற சொல்லிலேயே தொடங்கிவிட்டது. அதனால் அதைத் திருத்தாமல் எழுதியிருக்கிறேன். டார்மிலும் (தொழிலாளர் தங்கும் விடுதி) சைட்டிலும் ஆட்களைக் கட்டி மேய்க்கும் நம்மவர்கள் யாருக்காவது உதவட்டும்.

2016 டிசம்பர் நடுவில் ஓர் இரவு டார்மிலிருந்து போன் வந்தது. 12 கட்டில் போட்ட அறையில் அடிதடி. போய்ப் பார்த்தால் ஒரு லாக்கர் கதவு வளைந்து தொங்குகிறது, ரைஸ் குக்கர் தரையில் கிடக்கிறது, சோறு சிதறிக் கிடக்கிறது. நடந்தது இதுதான். மியன்மாரின் வடக்கே கச்சின் மலையில், கச்சின் ஆயுதக் குழுவின் கிடோன் என்ற படைமுகாமை மியன்மார் ராணுவம் பிடித்துவிட்டது. மாண்டலே பக்கத்துப் பையன் ஒருவன் அந்த வீடியோவை ஃபேஸ்புக்கில் சத்தமாகப் போட்டுக் கைதட்டியிருக்கிறான். மேல் கட்டிலில் படுத்திருந்தவன் இறங்கி வந்து போனைத் தட்டிவிட்டான்.

மேல் கட்டில்காரன் என்னுடைய நல்ல பைப் வெல்டர், மூன்று வருடமாக என்னிடம் இருந்தவன். அந்த இரவுதான் அவன் என்னிடம், “பாஸ், நான் பமா இல்லை. கச்சின்” என்றான். பமா அங்கே பெரும்பான்மை இனம், கச்சின் வடக்கு மலைகளில் வாழும் சிறுபான்மை இனம். அதுவரை ‘கச்சின்’ என்பதை அவன் ஊரின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம்மை யாராவது ‘மதராஸி’ என்று சொன்னால் மட்டும் எனக்குக் கோபம் வரும்.

அவன் வீட்டில் மூன்றாவது மகன். கச்சின் மக்களிடம் பிறந்த வரிசைக்கே பெயர் உண்டு. மூத்தவன் கம், இரண்டாமவன் நோ, மூன்றாமவன் லா. நம் ஊரில் பெரியவன், நடுவுளவன், சின்னவன் என்று கூப்பிடுகிற மாதிரி. உண்மைப் பெயர் வேண்டாமென்பதால் இங்கே அவனை லா என்றே சொல்கிறேன். வொர்க் பெர்மிட்டில் இருந்தது வேறு பெயர், பர்மிய வாய்க்கு ஏற்றபடி எழுதியது. நாங்களும் அதையே சொல்லிக் கூப்பிட்டோம். அவன் திரும்பிப் பார்ப்பான், அதனால் அதுதான் பெயர் என்று எடுத்துக்கொண்டோம்.

ஆபீசில் முடிவு சுலபமாக வந்தது: இரண்டு பேர் பெர்மிட்டையும் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடு. நான் இரண்டு வாரம் கேட்டேன். மனிதநேயம் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். டாக்கில் நின்ற கப்பல் ஜனவரியில் இறங்க வேண்டும், லா இல்லாமல் பைப் வேலை முடியாது. லாவின் அம்மா மிச்சினா பக்கத்தில் அகதி முகாமில் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. 2011-லிருந்து அந்தப் பகுதியில் சுமார் ஒரு லட்சம் பேர் அப்படி முகாம்களில் இருந்தார்கள். முகாமில் இருக்கும் குடும்பத்துக்கு அவன் அனுப்பும் பணம் என்னவாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

முதல் கூட்டத்தைக் கேன்டீனில் போட்டேன். அதில் சரியாக நடந்தது ஒன்றுகூட இல்லை.

பர்மிய ஆட்களில் மூத்தவர் ஒருவர் இருந்தார், ஐம்பதைத் தாண்டியவர், மாண்டலேக்காரர், இங்கிலீஷ் ஓரளவு வரும். அவரையே மொழிபெயர்க்கச் சொல்லி என் பக்கத்தில் உட்கார வைத்தேன். லா மேசைக்கு எதிர்ப்பக்கம், ஸ்டேஷனில் நிறுத்திய ஆள் மாதிரி. பிறகு நான் பேசினேன். சிங்கப்பூரிலும் 1964 ஜூலை 21-ல் கலவரம் நடந்தது, ஆட்கள் செத்தார்கள், இன்று பாருங்கள், சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் ஒரே அடுக்குமாடி புளோக்கில் இருக்கிறோம், 1989-லிருந்து எந்த இனமும் ஒரே இடத்தில் குவியாமல் வீடு ஒதுக்க அளவு வைத்திருக்கிறார்கள், நீங்களும் ஒரே நாட்டுக்காரர்கள்தானே என்று பத்து நிமிடம். மூத்தவர் அதை அழகாக மொழிபெயர்த்தார், அந்த ‘ஒரே நாடு’ பகுதியை இன்னும் அழகாக.

லா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பர்மியத்தில், “உங்கள் புளோக் மேல் விமானம் குண்டு போடுமா பாஸ்?” என்றான். இதை மூத்தவர் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. “அவன் கோபமாக இருக்கிறான்” என்று மட்டும் சொன்னார். லா என்ன கேட்டான் என்பதை ஒரு வாரம் கழித்து வேறொருவர் மூலம்தான் தெரிந்துகொண்டேன்.

சண்டையில் ஒரு தரப்பைச் சேர்ந்தவரை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். மூத்தவர் கெட்டவர் இல்லை. பாதிச் சொற்கள் அவர் காதிலேயே நின்றுவிட்டன, அவ்வளவுதான்.

சரி, வேறு ஆள் வேண்டும். சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கம் பெனின்சுலா பிளாசா இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை உள்ளே போனால் யாங்கோன்தான். மொகிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் வாசனை, தேயிலைச் சாலட், பணம் அனுப்பும் கடைகள். அங்கே சமையல் வேலை பார்த்த பெரியவர் ஒருவரை எனக்கு முன்பே பழக்கம். பர்மாவின் மோல்மேனில் பிறந்த தமிழர். அவர் பேசும் பர்மியத்தைக் கேட்டால் பர்மியர்களே திரும்பிப் பார்ப்பார்கள். என்னிடம் பேசும்போது, எழுபது வருடத்துக்கு முன் ஊரைவிட்டுக் கப்பலேறியவர்களின் தமிழ்.

அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். “தம்பி, உங்க பசங்களை அவங்க என்னன்னு கூப்பிடுறாங்க, கவனிச்சீங்களா?” என்று கேட்டார். கவனித்திருக்கிறேன். ‘கலா’ என்பார்கள். நம் பையன்கள் “யாருடா அந்தக் கலா, எந்தத் தெரு?” என்று சிரிப்பார்கள். பெரியவருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்திய வம்சாவளிக்காரர்களை அங்கே இளக்காரமாகச் சொல்லும் சொல் அது. எனக்கு உடனே அப்பத்தா ஞாபகம் வந்தது. அவர் ரங்கூனில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பம். 1964-ல் நே வின் ராணுவ அரசு கடைகளை எடுத்துக்கொண்டது, 50, 100 கியாட் தாள்கள் செல்லாது என்றது. கப்பலேறிச் சென்னை வந்தார்கள். சாகும்வரை யாரையாவது திட்டினால் அந்தக் ‘கலா’ வரும். யாரோ தன்னைத் திட்டிய சொல்லை வைத்தே மற்றவரைத் திட்டினார் என்பது எனக்கு ஐம்பது வயதில் விளங்கியது.

பெரியவர் வருவதற்கு இரண்டு நிபந்தனை போட்டார். முதலாவது, மேசை வேண்டாம். இரண்டாவது, “யார் முதலில் ஆரம்பித்தது” என்று நான் கேட்கவே கூடாது.

மேசை விஷயம் எனக்குச் சின்னதாகப் பட்டது. அவர் அந்த வருடமே நடந்த ஒன்றைச் சொன்னார். 2016 ஆகஸ்ட் 31-ல் ஆங் சான் சூச்சி அரசு நேபிடாவில் பெரிய அமைதி மாநாட்டைத் தொடங்கியது. ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன்கூட வந்திருந்தார். நாட்டிலேயே பெரிய ஆயுதக் குழுவான ‘வா’ இனப் படையின் பிரதிநிதிகள் மறுநாளே எழுந்து போய்விட்டார்கள். கழுத்தில் மாட்டக் கொடுத்த அட்டையில் பார்வையாளர் என்று இருந்ததாம். எழுபது வருடச் சண்டையைத் தீர்க்க வந்த இடத்தில் ஓர் அட்டைக்காகவா என்றேன். “உங்களை ஆபீஸ் மீட்டிங்குக்குக் கூப்பிட்டுட்டு, நாற்காலி போடாம சுவரோரம் நிக்க வெச்சா இருப்பீங்களா?” என்றார்.

இரண்டாவது கூட்டம், வேலைக்கு முன் பாதுகாப்பு பற்றிப் பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங் நடக்கும் ஷெட்டில். பிளாஸ்டிக் ஸ்டூல்களை வட்டமாகப் போட்டோம். நானும் ஒரு ஸ்டூலில். அறையிலிருந்த மியன்மார் ஆட்கள் ஏழு பேரும் வந்தார்கள். சண்டை போட்ட இரண்டு பேர் போதுமென்று நான் நினைத்தேன், பெரியவர் விடவில்லை. அறையில் படுப்பவன் எல்லாரும் வரணும் என்றார்.

ஒயிட்போர்டு மார்க்கரை எடுத்து அவர் சொன்னது ஒன்றுதான்: கதை எந்த வருடத்தில் ஆரம்பிக்கிறதோ அந்த வருடத்தை எழுது. பேசாதே, எழுதிவிட்டு உட்கார்.

வீடியோ போட்ட பையன் 2011 என்று எழுதினான். அந்த ஜூனில்தான் கச்சின் படைக்கும் ராணுவத்துக்கும் இருந்த போர்நிறுத்தம் முறிந்தது. அவனுக்கு அதற்கு முன் கதையே இல்லை. மூத்தவர் 1948 என்று எழுதினார். சுதந்திரம் கிடைத்த கையோடு கம்யூனிஸ்டுகளும் மற்ற குழுக்களும் ஆயுதம் எடுத்து நாடே சிதறப் பார்த்தது, ராணுவம்தான் தாங்கிப் பிடித்தது என்று அவர் பள்ளியில் படித்தது. பேசவே பேசாத, கரேன் என்ற இன்னொரு சிறுபான்மை இனத்து ஃபிட்டர் ஒருவன் எழுந்து 1949 என்று எழுதினான். கரேன் படை ரங்கூனை ஒட்டிய இன்செய்ன் வரை வந்து நின்ற வருடம். அவன் கரேன் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

லா 1947 என்று எழுதினான். அதன் கீழே பிப்ரவரி 12. பாங்லோங் என்ற ஊரில், சுதந்திரப் போராட்டத் தலைவர் ஆங் சான் எல்லைப்புற ஷான், கச்சின், சின் இனத் தலைவர்களோடு கையெழுத்துப் போட்ட நாள். எல்லைப்புற மக்களுக்கு உள்நிர்வாகத்தில் தன்னாட்சி என்பதைக் கொள்கையளவில் ஏற்பதாக அதில் இருக்கிறது. ஐந்து மாதத்தில் ஆங் சானைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபிறகு அந்தப் பேச்சே போய்விட்டது. “எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இந்தத் தேதி தெரியும்” என்றான் லா. வீடியோ பையன் தனக்கும் தெரியும் என்றான். அது ஒன்றிய தினம், அரசு விடுமுறை. ஒருவனுக்கு விடுமுறை, இன்னொருவனுக்குத் திருப்பித் தராத கடன்.

கடைசியாக, மேற்குக் கரையோர ரக்கைன் இனத்துப் பெயின்டர் ஒருவன் எழுந்து 1784 என்று எழுதினான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், நானும்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. தங்கள் ராஜ்ஜியத்தைப் பர்மிய மன்னர் படையெடுத்து எடுத்துக்கொண்டதையும், மகாமுனி புத்தர் சிலையைத் தூக்கிப் போனதையும் சொன்னான். அந்தச் சிலை இப்போது மாண்டலேயில் இருக்கிறது. நம் மூத்தவர் ஊருக்குப் போகும்போதெல்லாம் அதன்மேல் தங்கத்தகடு ஒட்டிவிட்டு வருபவர். அவர் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறக்கப் போனவர் மூடிக்கொண்டார்.

போர்டில் ஓர் ஓரத்தில் சமையல் பெரியவர் தானாகவே 1964 என்று எழுதி, “இது என்னுடையது” என்றார். அதன்பிறகு அந்த அறையில் ‘கலா’ கேட்டதாக எனக்கு நினைவில்லை. நான் இல்லாதபோது சொல்லியிருக்கலாம்.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம், செலவு ஒரு மார்க்கர். ஒன்று மட்டும். வருடங்களில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. 1784-ஐயெல்லாம் விட்டுத் தள்ளுங்கப்பா என்று சொல்ல வந்தேன், பெரியவர் என் தொடையில் கிள்ளினார்.

பிறகு என்ன எழுதுவது என்று வந்தது. நான் ‘சமாதான ஒப்பந்தம்’ என்று தலைப்புப் போட்டேன். லா கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். “சமாதானம் இல்லை. என் அம்மா முகாமில் இருக்கிறாள்.” அவர்கள் நாட்டிலும் 2015 அக்டோபர் 15-ல் கையெழுத்தான நாடு தழுவிய போர்நிறுத்த ஒப்பந்தம், ஒவ்வொரு சொல்லுக்கும் மாதக்கணக்கில் இழுபட்டுத்தான் வந்தது. கடைசியில் எட்டுக் குழுக்கள் கையெழுத்திட்டன. கரேன் தேசிய ஒன்றியம் அதில் உண்டு. கச்சினும் வாவும் இல்லை. எங்கள் காகிதத்துக்கு ‘அறை விதிகள்’ என்று தலைப்பை மாற்றினோம். இயர்போன் இல்லாமல் வீடியோ கூடாது. எந்தப் படையின் கொடியும் லாக்கரில் வேண்டாம். ராத்திரி 10-க்கு மேல் அரசியல் வேண்டாம். சமையல் முறை தாளில் எழுதி ஒட்ட வேண்டும். இங்கே வெளிநாட்டு அரசியலுக்காகக் கூட்டம் கூடினால் பெர்மிட்டே போகும் என்பதையும் தெளிவாகச் சொன்னேன். ‘மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும்’ என்று நான் சேர்க்கப் பார்த்ததைப் பெரியவர் அடித்துவிட்டார். மரியாதை மீறினானா இல்லையா என்று யார் அளப்பது? இயர்போன் போட்டானா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும்.

லா கையெழுத்துப் போட்டான், ரோமன் எழுத்தில், பெர்மிட்டில் இல்லாத பெயரை. கச்சின் மொழியை அந்த எழுத்தில்தான் எழுதுகிறார்கள். ஆபீஸ் கிளார்க், “யார் இது?” என்று கேட்டாள்.

பிரச்சினை முடிந்தது என்று ரிப்போர்ட் எழுதினேன். கப்பல் இறங்கியது. மூன்று மாதம் அந்த அறையிலிருந்து ஒரு போனும் இல்லை, எனக்கு ரொம்பப் பெருமை.

மார்ச் கடைசியில் வேறு வேலையாக டார்முக்குப் போனேன். லா மாடிப்படியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ரக்கைன் பையன் வேறு அறைக்கு மாறியிருந்தான். வீடியோ பையன் இயர்போனைக் கழற்றுவதே இல்லை, விதியை அப்படிப் பிடித்துக்கொண்டான். நான் லாவிடம், சண்டை எதுவும் இல்லையே என்றேன். அவன் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. “1994-ல் எங்கள் ஆட்கள் போர்நிறுத்தம் செய்தார்கள் பாஸ். 17 வருடம் சுடவில்லை. 17 வருடம் பேசவும் இல்லை.” பிறகு 2009-ல் ராணுவம், எங்கள் கீழே எல்லைக் காவல் படையாக வந்துவிடுங்கள் என்றது, இவர்கள் மறுத்தார்கள், 2011-ல் மறுபடி வெடித்தது. அவன் அப்போது பள்ளி முடித்திருந்தான். பிறந்ததிலிருந்து அமைதி என்று கேட்டு வளர்ந்தவன்.

அறை விதிகளை எழுதும்போது அடுத்த கூட்டம் என்றைக்கு என்று நான் எழுதவில்லை. அந்தக் காகிதத்தில் இருந்த பெரிய ஓட்டை அது.

அதைச் சரிசெய்யப் போய் இன்னொரு தவறு. ஏப்ரலில் நமக்குப் புத்தாண்டு, அவர்களுக்கும் திஞ்சான். சேர்ந்து கொண்டாடலாம் என்று ஏற்பாடு செய்தேன். மூத்தவர் வெல்லம் வைத்த அரிசி உருண்டை செய்தார், நம் கொழுக்கட்டைக்குத் தம்பி மாதிரி. விளையாட்டுக்கு ஒன்றிரண்டில் பச்சை மிளகாய் வைப்பார்களாம், அது எனக்கே வந்து சேர்ந்தது. எல்லாம் நன்றாக இருந்தது, லாவும் கரேன் ஃபிட்டரும் மட்டும் வரவில்லை. இரண்டு பேரும் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்கள். அது அவர்கள் பண்டிகையே இல்லை. எல்லாருக்கும் பொது என்று நான் எடுத்தது, எண்ணிக்கையில் பெரியவனுடையதாக இருந்தது. அதன்பிறகு பண்டிகைக் கூட்டம் போடுவதை விட்டேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, அவர்கள் சர்ச்சிலிருந்து வந்தபிறகு, ஸ்டூல் வட்டம், டீ, விதித் தாளில் என்ன மாற்றணும். அவ்வளவுதான். சில மாதம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

உண்மையில் ஏதாவது நகர்ந்தது என்றால் அது டேங்க்கில்தான். கப்பலின் அடி டேங்க்குக்குள் வெல்டர் இறங்கினால், மேன்ஹோல் வாயில் ஒருவன் காவல் நிற்க வேண்டும். உள்ளே யார், எத்தனை மணிக்கு இறங்கினான் என்று போர்டில் எழுத வேண்டும், நேரத்துக்கு நேரம் குரல் கொடுக்க வேண்டும். உள்ளே மயங்கினால் முதலில் தெரிய வேண்டியது அவனுக்கு. ஆள் பற்றாக்குறையில் ஒருநாள் லாவுக்கு மூத்தவர் காவல். வேண்டுமென்று போட்டதல்ல. சாயங்காலம் போர்டைப் பார்த்தேன். பெர்மிட் பெயரை எழுதி அடித்துவிட்டு, பக்கத்தில் லா கையெழுத்துப் போட்டானே, அந்தப் பெயரைக் கோணல் ரோமன் எழுத்தில் எழுதியிருந்தார். சேஃப்டி ஆபீசர், பெயர் பெர்மிட்டோடு ஒத்துப்போகவில்லை என்று என்னைத்தான் பிடித்தார். இரண்டையும் எழுதுவது என்று தீர்த்துக்கொண்டோம்.

இருவரும் நண்பர்களானார்கள் என்று சொல்ல வரவில்லை. 2019-ல் லா வேறு யார்டுக்குப் போனபோது மூத்தவர் வழியனுப்பக்கூட வரவில்லை, நைட் ஷிஃப்ட் என்றார்.

2021 பிப்ரவரி 1-ல் அங்கே மறுபடி ராணுவ ஆட்சி. தெருவில் இறங்கிய பையன்களைச் சுட்டார்கள். நகரத்துப் பிள்ளைகள், பர்மியப் பிள்ளைகள், மலைகளுக்கு ஓடினார்கள், யாரைப் பயங்கரவாதிகள் என்று கேட்டு வளர்ந்தார்களோ அவர்களிடமே. மே மாதம் ஒருநாள் லஞ்ச் நேரத்தில் மூத்தவர் என்னிடம் வந்தார், மாஸ்க்கைக் கீழே இறக்கி, மறுபடி ஏற்றி. அக்கா மகன், 19 வயது, மாண்டலேயிலிருந்து வடக்கே போயிருக்கிறான், மூன்று வாரமாகப் பேச்சில்லை. லாவின் நம்பர் உங்களிடம் இருக்குமா என்று கேட்டார்.

இருந்தது. ஆனால் லாவைக் கேட்காமல் கொடுக்கவில்லை. போன் செய்தேன். லா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “மேன்ஹோல் பெரியவரா?” என்றான். ஆமாம் என்றேன். “கொடுங்க பாஸ். ராத்திரி எட்டுக்கு மேல் கூப்பிடச் சொல்லுங்க.”

அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் மூத்தவர் வந்து அடுத்த வார ஷிஃப்டை மாற்றித் தர முடியுமா என்று மட்டும் கேட்டார், ராத்திரி எட்டு மணிக்கு ஃப்ரீயாக இருக்கிற மாதிரி.